ஞாயிறு பத்து மணி

லண்டனுக்கு வந்த புதிதில் ஒரு பெரிய கடையில் காசு வாங்கும் மேசையில் வேலை கிடைத்தது. முதல் கிழமையே ஞாயிறு வேலை. இங்கிலாந்தில் பெரிய கடைகள் ஞாயிற்றுக்கிழமை ஆறு மணித்தியாலம்தான் திறக்கலாம். அதுவும் காலை 10க்கும் மாலை 6க்கும் இடையில். 1994இல் வந்த சட்டம். எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் பூசையும் 10 மணிக்குத்தான்.

மேற்பார்வையாளரிடம் போய், ஞாயிறு காலை பூசைக்கு விட முடியுமா என்று கேட்டேன். நல்ல மனிசன். "ஜிம்முக்குப் போறவையும் ஞாயிறு லீவு கேக்கினம், பிள்ளையளைப் பந்தடிக்கக் கூட்டிக்கொண்டு போறவையும் கேக்கினம். எல்லாருக்கும் ஒரே மாதிரித்தான் நான் பாக்க வேணும்" என்றார். அதில் நியாயம் இருந்தது. ஆனால் பஸ்ஸில் வீடு வரும்வரை அழுகையை அடக்கிக்கொண்டுதான் வந்தேன். அவருக்கு என் பூசையும் ஒரு பொழுதுபோக்கு.

நான் திருகோணமலை, பாலையூற்றுக்காரி. ஞாயிறு காலை நான் முற்றத்தில் நின்றால், பக்கத்து வீட்டுச் சைவ மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மணி அடிச்சுப்போட்டுது, இன்னும் தலை இழுக்கேல்லையோ பிள்ளை?" என்று ஏசுவா. லூர்து அன்னை கோயிலுக்கு ஒருநாளும் பூசைக்கு வராத அவவுக்கு எங்கள் பூசை நேரம் பாடம். அவ பத்திரகாளி கோயிலுக்குப் போகும் நாள் எங்களுக்குப் பாடம்.

வெள்ளைக்காரர் எல்லாரும் வேதக்காரர் என்றுதான் ஊரில் நினைத்திருந்தேன். இங்கிலாந்திலும் வேல்சிலும் 2011 கணக்கெடுப்பில் தங்களைக் கிறிஸ்தவர் என்றவர்கள் 59.3 வீதம், 2021இல் 46.2. மதம் இல்லை என்றவர்கள் 37.2 வீதம். விஞ்ஞானம் படித்து, யோசித்துத்தான் விட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். என்னோடு வேலை செய்பவர்களில் கடவுள் இல்லை என்று வாதாடிய ஒருவரைக்கூட நான் காணவில்லை. ஞாயிறு கடைக்கும் களைப்புக்கும் போய்விட்டது, அவ்வளவுதான்.

நத்தார் (கிறிஸ்மஸ்) சாமான் செப்டம்பரிலேயே தட்டில் ஏறிவிடும். 24 சின்னக் கதவு வைத்த அட்டைப்பெட்டி, கதவுக்குக் கதவு ஒரு சொக்கிலேற். நத்தாருக்கு முந்திய திருவருகைக் காலத்தில் காத்திருக்கப் பழக்குவதற்காக வந்த பெட்டி அது. அம்மா சீமெந்துப் பைக் கடதாசியைக் கசக்கி, கரியும் பசையும் பூசிக் குடிலுக்கு மலை செய்வா. தீவனத் தொட்டி வெறுமையாகக் கிடக்கும். நடுச்சாமப் பூசை முடிந்து வந்துதான் பாலன் இயேசுவை வைப்பா. அந்த வெறும் தொட்டியைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு நத்தார் வந்தது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அரசு எந்த மதத்தையும் கேட்காமல் என்னை நடத்துவது எனக்குப் பெரிய ஆறுதல். 1622இல் கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கேயர் சிலுவை கும்பிட்டவர்கள். எங்கள் ஊர் அதை மறக்கவில்லை. 2019 உயிர்த்த ஞாயிறு (ஈஸ்டர்) அன்று இலங்கைக் கோயில்களில் வெடித்த குண்டுகளுக்குப் பிறகு அம்மா கோயில் வாசலில் பையைத் திறந்து காட்டித்தான் உள்ளே போனா. இங்கே அந்தப் பயம் எனக்கில்லை. என் கவலை வேறு. "பூசைக்கு வாறதால எனக்கு என்னம்மா கிடைக்குது?" என்று பதினாலு வயது மகள் கேட்டாள். எதை வாங்கும்போதும் நாங்களே அவளுக்குப் பழக்கிய கேள்வி. ஏசி என்ன பயன்? ஞாயிறு பூசைக்குப் பதிலாகச் சனி மாலைப் பூசைக்கு நான் தனியாகவே போய் வந்தேன்.

போன வருசம் டிசம்பர் 26க்கு லீவு கேட்டேன். இங்கே மலிவு விற்பனை தொடங்கும் நாள், ஒருவரையும் விடமாட்டார்கள். 2004இல் அது ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசைக்குப் போனவர்கள் திரும்பும் நேரம் கடல் வந்தது என்று மேற்பார்வையாளருக்குச் சொன்னேன். இலங்கையில் மட்டும் முப்பதாயிரத்துக்கு மேல் செத்தவை என்றேன். அவர் கையிலிருந்த தாளை மேசையில் வைத்துவிட்டு, "உங்கட ஆக்களும் இருந்தவையோ?" என்று கேட்டார். லீவு தந்தார்.

அன்றைக்கு மகளும் வந்தாள், நான் கேட்காமலே. மெழுகுதிரி ஒன்றைக் கொளுத்திக் கையில் பிடித்தபடி, "இது ஆருக்கம்மா?" என்றாள். பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினேன்.