வாளையாறு தாண்டும் முன்

லாரி புக்கிங் ஆபீஸில் எடை போடுவது, பேல் அடுக்குவது, தார்ப்பாய் கட்டுவது, எல்.ஆர். (சரக்கை ஏற்றிக்கொண்டதற்கான ரசீது) எழுதுவது எல்லாம் எல்லோர் கண்ணுக்கும் படுகிற வேலைகள். வே பில், அதாவது சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. மின் சீட்டான இ-வே பில், போடுவது மட்டும் மூலையில் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் ஓசையில்லாமல் நடக்கும். அங்கே ஒரு எண் மாறிவிட்டால் அதன் வலி தட்டியவருக்குத் தெரியாது. ராத்திரி ரெண்டு மணிக்கு பாலக்காட்டுப் பக்கம் ரோட்டோரம் வண்டியை ஒதுக்கிவிட்டு, சாவியையும் பேப்பரையும் அதிகாரியிடம் கொடுத்துவிட்டு நிற்கிற டிரைவருக்குத்தான் தெரியும். இந்த வேலையைச் செய்கிற ஒவ்வொருவரும் முதலில் அவரைத்தான் நினைத்துக்கொள்ள வேண்டும்.

2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது, கோவை-பாலக்காடு சாலையில் தமிழ்நாடு-கேரள எல்லையில் இருந்த வாளையாற்று வணிகவரிச் சோதனைச் சாவடி போனது. அதற்கு முன் லாரிகள் மணிக்கணக்காக வரிசையில் நின்ற இடம் அது. சாவடி போனதால் சோதனையும் போய்விட்டது என்று சரக்கு அனுப்புகிற சில பார்ட்டிகள் இன்னும் நம்புகிறார்கள். மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு 2018 ஏப்ரல் 1 முதல் இ-வே பில் கட்டாயம். இப்போது பறக்கும் படை எங்கே வேண்டுமானாலும் கை காட்டலாம். டோல் கேட்டில் ஃபாஸ்டாக் வாசிக்கும் வண்டி எண்ணும் இ-வே பில் கணினிக்குப் போய்ச் சேர்கிறது.

எல்லையில் வேலை பார்ப்பவர்கள் இரண்டு மாநில விதிகளையும் ஒரே மண்டைக்குள் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடும் சரக்குக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை வே பில் தேவையில்லை. அதே சரக்கு வாளையாற்றைத் தாண்டினால் வரம்பு 50,000. கோவை வியாபாரி பழக்கதோஷத்தில் "எழுபதாயிரம்தானுங்களே, பில்லு மட்டும் போதுமுங்க" என்பார். போதாது. வேலந்தாவளம் வழியாகப் போனாலும் கோபாலபுரம் வழியாகப் போனாலும் கணக்கு இதுதான்.

இன்னும் நுணுக்கமானது ஜாப் ஒர்க், அதாவது ஒருவர் சரக்கில் இன்னொருவர் கூலிக்கு வேலை செய்து கொடுப்பது. கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டையிலிருந்து கோவைக்கு லேத் வேலைக்கு வார்ப்புகள் வருவதும், வேலை முடிந்து திரும்பிப் போவதும் அன்றாடம் நடப்பவை. முதலாளி ஜாப் ஒர்க்குக்காகச் சரக்கை வேறு மாநிலத்துக்கு அனுப்பினால், அது பத்தாயிரம் ரூபாய்ச் சரக்காக இருந்தாலும் வே பில் வேண்டும். கூடவே, விற்பனைப் பில்லுக்குப் பதிலாகச் சரக்கோடு போகும் டெலிவரி சலான் வேண்டும். 'விற்பனை இல்லையே' என்ற சமாதானம் அங்கே எடுபடாது. அதுபோல, பார்ட்டியின் இடத்திலிருந்து டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் வரை 50 கிலோமீட்டருக்குள் இருந்தால் பார்ட் பி (வே பில்லில் வண்டி எண் ஏற்றும் பகுதி) வேண்டாம் என்ற சலுகை ஒன்று உண்டு. அது ஒரே மாநிலத்துக்குள் மட்டும். கோவையிலிருந்து கஞ்சிக்கோடு 50 கிலோமீட்டருக்கும் குறைவுதான், ஆனால் நடுவில் மாநில எல்லை இருக்கிறது. எங்கள் பக்கத்தில் இந்தச் சலுகையைத் தவறாகப் புரிந்துகொண்டு மாட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

காய்கறிக்கும் பாலுக்கும் முட்டைக்கும் வே பில் வேண்டாம். ஒட்டன்சத்திரத்துத் தக்காளியும் நாமக்கல் முட்டையும் பில்லோடு போனால் போதும்.

சரக்கு, பார்ட்டி விவரங்கள் இருக்கும் பார்ட் ஏ-யில் முதலில் பார்க்க வேண்டியது ஜி.எஸ்.டி. எண். பதினைந்து இடங்களில் முதல் இரண்டும் மாநிலக் குறியீடு: தமிழ்நாடு 33, கேரளா 32. அடுத்த பத்தும் பான் எண். கோவையிலும் எர்ணாகுளத்திலும் கிளை வைத்திருக்கும் கம்பெனிக்கு நடுவில் உள்ள பத்து எழுத்தும் ஒன்றாகவே இருக்கும். முன்பு சேமித்து வைத்த பட்டியலிலிருந்து அவசரமாக எடுக்கும்போது 32-க்குப் பதில் 33 வந்து உட்கார்ந்துவிடும். உடனே, மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான ஐ.ஜி.எஸ்.டி. வர வேண்டிய இடத்தில், ஒரே மாநிலத்துக்குள் ஓடும் சரக்குக்கான சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. என்று இரண்டாகப் பிரிந்து நிற்கும். திரையில் வரி இரண்டாகப் பிரிந்து தெரிந்தால், வாளையாறு தாண்டுகிற லோடில் ஏதோ தப்பு என்று அங்கேயே கையை எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது பின்கோடு. இதைப் பலர் வெறும் விலாசமாக நினைக்கிறார்கள். வே பில் போடும் இணையதளமான போர்ட்டல், சரக்கு கிளம்பும் இடம், சேரும் இடம் இரண்டின் பின்கோடுகளை வைத்துத்தான் தூரத்தைக் கணக்கிடுகிறது. நாம் அதற்கு மேல் பத்து சதவீதம்தான் கூட்ட முடியும். பில் எத்தனை நாள் செல்லும் என்பது அந்தத் தூரத்தை வைத்துத்தான். 2021 ஜனவரி 1 முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். 201 ஆனால் இரண்டு நாள். திருப்பூரிலிருந்து கொச்சிக்குப் பனியன் பேல் போகிறது என்று வையுங்கள். கொச்சியின் பின்கோடு 682-ல் தொடங்கும். கை தவறி 680 என்று அடித்தால் அது திருச்சூர். மாநிலம் ஒன்றே என்பதால் திரை சிவக்காது, எச்சரிக்கையும் வராது. கொச்சி 200-ஐத் தாண்டிய தூரம், திருச்சூர் 200-க்குள். ஒரே ஒரு இலக்கத்தில் இரண்டு நாள் ஒரு நாளாகச் சுருங்கிவிட்டது. வண்டி மறுநாள் ராத்திரி இறக்கக் காத்துக்கொண்டிருக்கும்போதுதான் அது தெரியவரும்.

நாள் கணக்கிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. செல்லுபடி ஓடத் தொடங்குவது பார்ட் ஏ போடும்போது அல்ல, முதல் தடவை பார்ட் பி-யில் வண்டி எண் ஏற்றும்போது. ஒரு நாள் என்பது 24 மணி நேரமும் அல்ல; மறுநாள் நள்ளிரவு வரை. திங்கட்கிழமை இரவு 11.55-க்குப் பார்ட் பி ஏற்றினால் செவ்வாய் நள்ளிரவு 12-க்கு முடிந்துவிடும். பத்து நிமிடம் பொறுத்து 12.05-க்கு ஏற்றினால் புதன் நள்ளிரவு வரை ஓடும். லோடு ஏற்றி முடிக்க எப்படியும் பன்னிரண்டாகிவிடும் என்றால் பார்ட் பி-யை முன்கூட்டியே போட்டு வைப்பதில் ஒரு லாபமும் இல்லை. ஆனால் பார்ட் பி இல்லாமல் வண்டி ஒரு அடிகூட நகரக் கூடாது. டிரைவர் "போட்டுட்டீங்களாண்ணா?" என்று கேட்கும்போது, "போட்டாச்சு, கிளம்புங்க" என்று சொல்வதற்கு முன் திரையில் வண்டி எண்ணை வாய்விட்டுப் படித்துக் காட்டுவது நல்ல பழக்கம். கோவை வண்டிகளில் டி.என். 37, 38, 66 மூன்றும் உண்டு. டிரைவர் காதுக்கு அது உடனே உறைக்கும்.

பார்சல் லாரியில் நாற்பது பார்ட்டி சரக்கு இருந்தால் எல்லா வே பில்லையும் சேர்த்து கன்சாலிடேட்டட் பில் ஒன்று எடுக்கலாம். அதற்கென்று தனி ஆயுள் கிடையாது. உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் அதனதன் நேரத்தில் முடியும். அதனால் எது முதலில் முடிகிறது என்று பார்த்து அந்த நேரத்தைத்தான் டிரிப் ஷீட்டில் எழுத வேண்டும். வழியில் வண்டி பழுதாகி வேறு லாரிக்கு மாற்றினால், புது வண்டி எண்ணை ஏற்றிய பிறகுதான் அந்த லாரி கிளம்ப வேண்டும். பார்ட் பி-யை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். பார்ட் ஏ-யைத் திருத்தவே முடியாது. தப்பென்றால் 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். வழியில் அதிகாரி சரிபார்த்துவிட்டால் ரத்தும் நடக்காது.

2025 ஏப்ரல் 1 முதல் எல்லோருக்கும் ஓ.டி.பி. கட்டாயமாகிவிட்டது. சின்ன ஆபீஸ்களில் லாகின் முதலாளி பெயரில் இருக்கும், ஓ.டி.பி. அவர் போனுக்குப் போகும், அவர் தூங்கிக்கொண்டிருப்பார். ராத்திரி ஷிஃப்ட் பார்ப்பவருக்கு அவருடைய மொபைல் எண்ணிலேயே சப் யூசர் (துணை லாகின்) உருவாக்கிக் கொடுப்பதுதான் இதற்கு வழி. போர்ட்டல் திணறினால் 2025 ஜூலையில் தொடங்கிய இரண்டாவது போர்ட்டலிலும் வேலை பார்க்கலாம். முதலாவதில் போட்ட பில்லுக்கு அங்கே பார்ட் பி மாற்ற முடியும்.

பிடிபட்டால் என்ன ஆகும் என்பதை டிரைவருக்கும் சொல்லித்தான் அனுப்ப வேண்டும். 18 சதவீத வரியுள்ள 3 லட்சம் ரூபாய்ச் சரக்கென்றால் வரி 54,000. சரக்கின் சொந்தக்காரர் முன்வந்தால் அபராதம் அதைப்போல இரண்டு மடங்கு, 1,08,000. சின்னப் பிழைகளுக்கு அவ்வளவு கிடையாது. பார்ட்டி பெயரில் எழுத்துப்பிழை, வண்டி எண்ணிலோ பில் எண்ணிலோ ஒன்றிரண்டு இலக்கம் மாறியது போன்றவற்றுக்குச் சரக்கைப் பிடித்து வைக்காமல் ஆயிரம் ரூபாயோடு விட வேண்டும் என்று மத்திய வரி வாரியத்தின் 2018 செப்டம்பர் 14 சுற்றறிக்கை சொல்கிறது. எண் 64/38/2018. இதன் நகல் ஒன்று ஒவ்வொரு வண்டியின் பேப்பர் பையிலும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மலையாளமும் ஆங்கிலமும் வராத டிரைவர், வாதாட முடியாவிட்டாலும், அதை எடுத்து நீட்ட முடியும். அதே சுற்றறிக்கை பின்கோடு பிழையையும் மன்னிக்கிறது, ஆனால் அந்தப் பிழையால் செல்லுபடி நாள் கூடியிருக்கக் கூடாது.

நேரம் முடிந்துபோவதுதான் எல்லாவற்றிலும் அடிக்கடி வரும் சிக்கல். மழை, விபத்து, இறக்க ஆள் இல்லை, பார்ட்டி குடோன் பூட்டியிருக்கிறது. நீட்டிக்கும் வசதி முடியும் நேரத்துக்கு எட்டு மணி நேரம் முன்னும் எட்டு மணி நேரம் பின்னும் திறந்திருக்கும். நள்ளிரவில் முடிகிற பில்லுக்கு மாலை 4 மணி முதல் மறுநாள் காலை 8 மணி வரை. 8.01-க்கு அந்தக் கதவு மூடிவிடும். காரணம், வண்டி இப்போது நிற்கும் ஊர், அதன் பின்கோடு, மீதித் தூரம் இவ்வளவும் கேட்கும். இதை டிரைவரால் செய்ய முடியாது. பில்லில் யார் டிரான்ஸ்போர்ட்டராகப் பதிவாகியிருக்கிறாரோ அவர் லாகினில்தான் நடக்கும். அதனால் டிரைவர் கையில் கொடுக்கும் எல்.ஆர். நகலின் மேல், தடித்த மார்க்கர் பேனாவால், தமிழில் மூன்று விஷயம் எழுதிக் கொடுங்கள்: பில் முடியும் கிழமையும் நேரமும், சரக்கு இறங்கவில்லை என்றால் மாலை 4 மணிக்குக் கூப்பிட வேண்டும் என்பது, அந்த ராத்திரி ஓ.டி.பி. வரும் போன் வைத்திருப்பவரின் நம்பர்.