25,000 ரூபாயில் ஒரு ஜமக்காளக் கடை

காவிரியும் பவானி ஆறும் சேர்கிற கூடுதுறைக்கு ஆள் வராத ஒரு வருஷத்தை பவானியில் நான் 2020க்கு முன்னால் பார்த்ததே இல்லை. ஆடி 18க்குக் கூட படித்துறை வெறிச்சோடிக் கிடந்தது. நான் ஒரு ஜமக்காளக் கடையில் கணக்கு எழுதுகிறவன், அப்போதே வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. கோயிலுக்கு வருகிறவர்கள் போகும்போது ஒன்று வாங்கிப் போவது, கல்யாண வீட்டுக்காரர்கள் மொத்தமாக எடுப்பது, இந்த இரண்டையும் நம்பித்தான் கடை ஓடியது. ஊரடங்கில் இரண்டுமே நின்றுவிட்டது. ஆனால் தறிக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டிய கூலி நிற்காதே, அதுவும் குடோன் நிறைய சரக்கை வைத்துக்கொண்டு.

அந்த ஜூன் மாதம் ஒரு நாள் முதலாளி அண்ணா என்னைக் கூப்பிட்டு, "தம்பி, ஆன்லைன்ல விக்கறதுக்கு நம்மளே ஒண்ணு பண்ணிப் பாக்கலாங்களா? இருபத்தஞ்சாயிரம் இருக்குது. அதுக்கு மேல இப்ப என்கிட்ட இல்லீங்க" என்றார். ஈரோட்டில் ஒரு நிறுவனத்தில் விசாரித்தபோது 85,000 சொன்னார்கள், அப்புறம் வருஷா வருஷம் பராமரிப்புக்கு 15,000. அதனால் நானே செய்வது என்று முடிவானது. எனக்கு டேலி தெரியும், எக்ஸெல் தெரியும், அவ்வளவுதான்.

எங்களுக்கு ஏற்கெனவே ஒரு சூடு பட்டிருந்தது. 2017இல் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் எங்களுக்கு வெப்சைட் செய்து கொடுத்தார். கடைப் பெயரில் டொமைன், அதாவது வெப்சைட் முகவரி, வாங்கியது அவர்தான், ஆனால் அவருடைய பெயரில், அவருடைய இமெயிலில் பதிவு செய்துவிட்டார். ஒரு வருஷம் கழித்து அவர் போனை எடுப்பதையே நிறுத்தினார், புதுப்பிக்கிற தேதி தாண்டிப்போய், பெயரை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். விசிட்டிங் கார்டிலும் பையிலும் அச்சடித்திருந்த முகவரி யாருக்கோ சொந்தமாகிவிட்டது. அதனால் இந்த முறை முதல் வேலையாக அண்ணாவின் இமெயில், அண்ணாவின் கார்டு, அண்ணாவின் போனுக்கு வரும் ஓடிபி என்று அவரைப் பக்கத்தில் உட்கார வைத்தே டொமைனை வாங்கினேன். வரியோடு 700 ரூபாய் ஆனது. யாராவது புதிதாக ஆரம்பிக்கிறேன் என்று கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். யார் வேண்டுமானாலும் செய்து தரட்டும், பெயர் மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும். வெப்சைட்டை வைக்கிற இடத்துக்கான வாடகை, ஹோஸ்டிங் என்பார்கள், ஒரு வருஷத்துக்கு 3,200. முதல் வருஷ விலை குறைவாகத்தான் இருக்கும், புதுப்பிக்கும்போது இரண்டு மூன்று மடங்கு கேட்பார்கள், அந்தத் தொகையையும் அன்றைக்கே செலவு நோட்டில் எழுதி வைத்துவிட வேண்டும்.

பெரிய ஆன்லைன் சந்தைகளில் போட்டிருக்கலாமே, சொந்தக் கடை எதற்கு என்று நிறையப் பேர் கேட்டார்கள். கமிஷன் ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், அங்கே ஜமக்காளம் என்று தேடினால் விசைத்தறியில் ஓட்டியது மூன்றில் ஒரு பங்கு விலையில் எங்கள் சரக்குக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே மாதிரி கோடு போட்ட துணிதான். இந்த ஊர்ப் பொருள் என்று காட்டுகிற புவிசார் குறியீடு பவானி ஜமக்காளத்துக்கு 2005லேயே கிடைத்துவிட்டது. அதற்கும் முன்பே, 1985இல் வந்த கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின் கீழ் கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கிய பட்டியலில் ஜமக்காளம் இருக்கிறது. சட்டம் இருந்து என்ன, இதையெல்லாம் வாங்குகிறவரிடம் எடுத்துச் சொல்ல ஓர் இடம் வேண்டாமா? குழித்தறியில் காலை இறக்கி உட்கார்ந்து, ஊடை நூலை நெருக்கி நெருக்கி அடித்து நெய்கிற ஒன்றுக்கு ஏன் இந்த விலை என்று சொல்ல நான்கு பத்தி இடம் வேண்டும். அந்த இடம் சொந்தக் கடையில்தான் கிடைக்கும் என்று நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கம்ப்யூட்டர் வேலை நான் பயந்த அளவுக்கு இல்லை. வெப்சைட் கட்டுகிற வேர்ட்பிரஸ் இலவசம், அதன் மேல் கடை நடத்துகிற வூகாமர்ஸும் இலவசம், கடையின் தோற்றத்துக்கான தீமும் இலவசமானதையே எடுத்தேன். வெப்சைட்டில் தகவல் பாதுகாப்பாகப் போய்வருவதற்கான சான்றிதழுக்குத் தனியாகக் காசு கட்டச் சொல்லுவார்கள், கட்டத் தேவையில்லை, லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகவே தருகிறது, பெரும்பாலான ஹோஸ்டிங்கில் அது தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். ராத்திரி சாப்பிட்டுவிட்டு யூடியூப் பார்த்துப் பார்த்து மூன்று வாரத்தில் கடை மாதிரி ஒன்று வந்துவிட்டது.

அதற்குள் வைக்க சரக்குதான் தயாராக இல்லை. அதாவது குடோனில் இருக்கிறது, ஆனால் அதைப்பற்றி எழுத எங்களிடம் ஒன்றுமே இல்லை. கடையில் ஒருவர் வந்தால் அண்ணா ஜமக்காளத்தை உதறி விரிப்பார், அவர் கையை வைத்துப் பார்ப்பார், மடித்துத் தூக்கிப் பார்ப்பார், முடிந்தது. அந்தக் கை பார்த்துத் தெரிந்துகொள்வதை எல்லாம் நான் எழுத்தில் கொண்டுவர வேண்டும். எடை எவ்வளவு? தெரியாது. தடிமன்? தெரியாது. "ஆறுக்கு ஒன்பது" என்று இத்தனை வருஷம் பில் போட்டிருக்கிறேன், டேப் வைத்து அளந்தால் ஒன்று 5 அடி 10 அங்குலம் இருக்கிறது, இன்னொன்று 6 அடிக்கு மேலே ஓர் அங்குலம் இருக்கிறது. கைத்தறி என்றால் அப்படித்தான் இருக்கும், ஆனால் பெங்களூரில் இருந்து ஆர்டர் போடுகிறவருக்கு அது எப்படித் தெரியும்? ஓரிரு அங்குலம் முன்னே பின்னே இருக்கும் என்று ஒவ்வொரு பொருளுக்குக் கீழும் எழுதினேன். 2,400 ரூபாய்க்கு ஓர் எடை மெஷின் வாங்கினோம். முழு பட்ஜெட்டிலும் அதைப்போல உபயோகமான செலவு வேறு இல்லை. அறுபது ரகத்துக்கு மேல் இருந்தும், முதலில் 18 மட்டும்தான் ஏற்றினேன். அந்த 18ஐயும் அளந்து, எடை போட்டு, என்னென்ன நிறம், எத்தனை பேர் உட்காரலாம், எப்படித் துவைக்க வேண்டும் என்று எழுதி முடிக்கவே பத்து நாள் ஆனது.

போட்டோ இன்னொரு பாடு. கடை ட்யூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் எங்கள் ரத்தச் சிவப்பு காவி மாதிரி விழுகிறது, பச்சை கருப்பாகிவிடுகிறது. எல்இடி விளக்கு இரண்டு, வெள்ளைத் துணி, ஸ்டாண்டு என்று 1,900 செலவு செய்தும் சரியாக வரவில்லை. கடைசியில் கடைக்குப் பின்னால் வடக்குப் பார்த்த திண்ணையில், காலை பத்தில் இருந்து பதினொன்றரைக்குள் எடுத்தால்தான் கண்ணில் பார்க்கிற நிறம் போனிலும் வந்தது. விளக்கை அப்படியே ஓரமாக வைத்துவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் நான்கு படம்: முழுசாக விரித்தது, மடித்தது, கரையை நெருக்கத்தில், அப்புறம் ஓர் ஆள் அதில் உட்கார்ந்திருப்பது. நான்காவது படம்தான் அளவைச் சொல்லும், டேப் கணக்கு சொல்லாது. போனில் எடுத்த படம் ஒவ்வொன்றும் 4 எம்பி, 5 எம்பி இருக்கும், அதை அப்படியே ஏற்றினால் பக்கம் திறப்பதற்குள் ஆள் போய்விடுவார். 150 கேபிக்குள் சுருக்கித்தான் ஏற்ற வேண்டும்.

கூரியர் விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் மாதிரிப் பொருள் விற்கிறவர்கள் எல்லாரும் இதில்தான் மாட்டுகிறார்கள். எடைக்குக் காசு என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆனால் கூரியர்காரர்கள் இன்னொரு கணக்கும் போடுவார்கள். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, 5,000 ஆல் வகுப்பார்கள். வருகிற எண், உண்மையான எடையைவிட அதிகமாக இருந்தால் அந்த எண்ணுக்குத்தான் பில். எங்கள் ஆறுக்கு ஒன்பது ஜமக்காளம் 4.6 கிலோ. அட்டைப் பெட்டியில் அழகாக மடித்து வைத்தேன், 45க்கு 35க்கு 25. பெருக்கி வகுத்தால் 7.875 வருகிறது, எட்டு கிலோவுக்குக் காசு. முதல் பத்து பார்சலை இது தெரியாமலேயே அனுப்பி, ஒவ்வொன்றிலும் லாபத்தில் பாதி போனது.

இதற்கு வழி சொன்னது எங்கள் கடையில் கட்டு கட்டுகிற பெரியவர். லாரி ஆபீசுக்கு மொத்தச் சரக்கு அனுப்பும்போது கட்டுகிறவர், முப்பது வருஷப் பழக்கம். பெட்டியைப் பார்த்துவிட்டு, "இதுக்கு எதுக்குங்க தம்பி பொட்டி? காத்தையுமா சேத்து அனுப்புறீங்க?" என்றார். ஜமக்காளத்தை மூன்றாக மடித்து, முழங்காலை அதன் மேல் ஊன்றி, உடம்பு எடை முழுவதையும் கொடுத்து அழுத்தினார். அழுத்தின முழங்காலை எடுக்காமலேயே கயிற்றை நான்கு பக்கமும் போட்டு இறுக்கி, ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, மேலே சாக்குத் துணியைப் போர்த்திக் கோணி ஊசியால் தைத்துவிட்டார். மொத்தம் ஆறு நிமிஷம்தான். அளந்து பார்த்தேன், அதே நீள அகலத்தில் உயரம் மட்டும் 15 சென்டிமீட்டர் ஆகியிருந்தது. கணக்கு 4.7 கிலோ. எட்டு கிலோவில் இருந்து ஐந்துக்கு வந்துவிட்டோம். நான் இரண்டு மாதம் இணையத்தில் தேடியும் கிடைக்காதது, என் மேஜையில் இருந்து பதினைந்து அடி தூரத்தில் இருந்திருக்கிறது. பார்சலைப் பிரிப்பதே பெரிய வேலையாக இருக்கிறது என்று சிலர் போன் செய்து சொன்னார்கள், அதற்காக எந்தப் பக்கம் கயிற்றை அறுக்க வேண்டும் என்று ஒரு சீட்டு வைக்கிறோம்.

பணம் வாங்குவதற்கான பேமெண்ட் கேட்வே விண்ணப்பம் முதல் தடவை திரும்பி வந்தது. சரக்கைத் திருப்பித் தந்தால் என்ன செய்வீர்கள், எத்தனை நாளில் அனுப்புவீர்கள், தொடர்புக்கு யார் என்றெல்லாம் தனித்தனிப் பக்கம் இருக்க வேண்டுமாம். 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகளிலும் குறைதீர்க்கும் அலுவலர் ஒருவரின் பெயர் போட வேண்டும், புகார் வந்தால் கிடைத்தது என்று 48 மணி நேரத்துக்குள் தகவல், ஒரு மாதத்துக்குள் தீர்வு என்று இருந்தது. நாங்கள் அண்ணியின் பெயரைப் போட்டோம், போனை எடுத்துப் பொறுமையாகப் பேசுகிறவர் அவர்தான். திருப்பி எடுத்துக்கொள்வதைப் பற்றி அண்ணாவும் நானும் ஒரு மாலை முழுக்கப் பேசினோம். கடையில் அப்படி ஒரு விதியே இருந்ததில்லை, முகம் பார்த்துச் செய்வதுதான். தண்ணீரில் நனைக்காமல் ஏழு நாளுக்குள் அனுப்பினால் முழுப் பணமும் திரும்பக் கொடுப்பது என்று எழுதினோம்.

கேட்வேக்கு 2 சதவீதம், அந்த 2 சதவீதத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 2,400 ரூபாய் பில்லுக்கு 56 ரூபாய் 64 காசு போகும், மிச்சம் இரண்டு வேலை நாள் கழித்து வங்கியில் விழும். "அந்த ரெண்டு நாள் நம்ம பணம் யாருகிட்ட இருக்குதுங்க?" என்று அண்ணா கேட்டார். கையில் காசு வாங்கிப் பெட்டியில் போட்டே பழகியவருக்கு வருகிற நியாயமான கேள்விதான். முதல் தொகை வங்கியில் விழுந்த எஸ்எம்எஸ்ஸைக் காட்டிய பிறகுதான் அவருக்கு நிம்மதி வந்தது.

வீட்டில் வைத்துக் காசு கொடுக்கிற முறையையும் வைத்தோம், ஆர்டர் கூடும் என்று எல்லாரும் சொன்னதால். கூடியது. இரண்டு மாதத்தில் அப்படி அனுப்பிய நாற்பதில் பதினொன்று வாங்காமல் திரும்பி வந்தது, போக வரக் கூலி எங்கள் தலையில். ஆறாயிரத்துக்கும் மேல் அதிலேயே போனது. விளம்பரத்துக்குப் போட்ட 5,000க்கு வந்தது இரண்டே ஆர்டர். இந்த இரண்டையும் நிறுத்திவிட்டு, ஒவ்வொரு ஆர்டருக்கும் அண்ணி போன் செய்து பேசுவது என்று ஆக்கினோம். எந்த விசேஷத்துக்கு, எத்தனை பேர் உட்கார, தரை டைல்ஸா சிமெண்டா என்று கேட்பார். சில பேரை இன்னும் சின்ன அளவு போதும் என்று மாற்றி வாங்கச் சொல்லியிருக்கிறார். அப்படி வாங்கினவர்கள்தான் சொந்தக்காரர்களுக்கும் சொல்லி அனுப்புகிறார்கள்.

ஒரு தப்பு என் கையாலேயே நடந்தது. தீபாவளிக்கு முந்தின வாரம், ராத்திரி பதினொரு மணிக்கு, அப்டேட் கேட்ட பிளக்கின்களை, அதாவது வெப்சைட்டோடு சேர்க்கிற சின்னச் சின்ன மென்பொருள்களை, எல்லாம் ஒட்டுமொத்தமாக அழுத்திவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் கடை திறந்தது, படங்கள் தெரிந்தன, பணம் கட்டுகிற பக்கம் மட்டும் வெள்ளையாக நின்றது. இரண்டு நாள் ஆர்டரே வரவில்லை, பண்டிகை நேரத்தில் ஏன் இப்படி என்று யோசித்தேனே தவிர, நானே ஒரு ரூபாய்க்கு ஆர்டர் போட்டுப் பார்க்கவில்லை. பேக்கப் இருந்ததால் ஒரு மணி நேரத்தில் சரி செய்ய முடிந்தது, அந்த இரண்டு நாள் வியாபாரம் போனது போனதுதான். இப்போது செவ்வாய்க்கிழமை காலையில் மட்டும்தான் அப்டேட், அதற்கு முன்னால் பேக்கப், அதற்குப் பின்னால் என் போனில் இருந்து ஓர் ஆர்டர்.

இப்போது மாதத்துக்கு முப்பது, நாற்பது ஆர்டர் வருகிறது. கூடுதுறைக்கும் கூட்டம் திரும்பிவிட்டது, கடை வியாபாரம்தான் இன்னமும் பெரிசு. ஆனால் மழை மாதங்களில் தறிக்காரர்களுக்குக் கூலி தள்ளிப் போகாமல் இருப்பது இந்தப் பணத்தால்தான். கணக்கு எழுதுகிறவன் என்பதால் அது எனக்கு நன்றாகவே தெரியும்.

எங்களுக்கு நெய்து தருகிற அம்மா ஒருவர் வெள்ளிக்கிழமை சரக்கு கொண்டு வருவார். கடை ஆரம்பித்த புதிதில் அவர் நெய்த ஜமக்காளத்தின் படத்தை போனில் காட்டினேன். எப்படிப் பெரிசாக்குவது என்று கேட்டு, இரண்டு விரலால் இழுத்துக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த எடத்துல கரை கொஞ்சம் இழுத்திருக்குது பாரு கண்ணு. ஊரே பாக்கறதுல இத எதுக்குப் போட்டீங்க? எடுத்துருங்க, வேற தாரேன்" என்றார். எனக்கு அவர் காட்டிய பிறகும் அது தெரியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வேறொன்று கொண்டு வந்தார், சிவப்பும் பச்சையும் கருப்பும், நான்குக்கு ஆறு. திண்ணையில் விரித்து, பத்தரை மணிக்கு, அவர் பக்கத்தில் நின்று சரி என்று சொல்லும் வரைக்கும் எடுத்தேன். அந்தப் படம்தான் இன்றைக்கும் எங்கள் கடையின் முதல் பக்கத்தில் இருக்கிறது.