164ஆம் நம்பர் கோட்டு

ஏரோ தீவுக்குப் போகும் கப்பலிலேயே என் கோட்டின் ஜிப் உயிரை விட்டுவிட்டது. ஸ்வென்போர்கிலிருந்து 75 நிமிடப் பயணம். பாதி வழியில் ரன்னர் தனியாகக் கழன்று கைக்கு வந்தது. மீதி வழியைக் கோட்டின் இரண்டு பக்கத்தையும் கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டே கடந்தேன். மே மாதம்தான். ஆனால் டென்மார்க் கடற்காற்றுக்கு அந்த விவரத்தை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

"இறங்கின உடனே ஒரு கோட்டு வாங்கிடுங்க. அப்புறம் காய்ச்சல்னு படுத்தா நான்தான் பார்க்கணும்" என்றாள் மனைவி.

சொல்வது சுலபம். அன்றைக்குச் சனிக்கிழமை. கடையை எந்த நேரம் வேண்டுமானாலும் திறந்து வைத்துக்கொள்ளலாம் என்று 2012லேயே சட்டத்தைத் தளர்த்திவிட்டார்கள். அதற்காகத் தங்கள் சனிக்கிழமை மதியத்தை விட்டுக்கொடுக்கச் சின்ன ஊர்க் கடைக்காரர்கள் தயாராக இல்லை. ஒரு மணி, மிஞ்சினால் இரண்டு மணி, அதற்குமேல் பூட்டுதான். கப்பலை விட்டு இறங்கியபோது பன்னிரண்டைத் தாண்டியிருந்தது.

கப்பல் வந்து நிற்கிற ஊர் ஏரோஸ்கோபிங். அங்கே வேகமாக நடப்பதும் கஷ்டம். தெருவெல்லாம் கல் பாவியது. இரண்டு பக்கமும் பதினெட்டாம் நூற்றாண்டு வீடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், சில வீடுகள் பக்கத்து வீட்டின் மேல் லேசாகச் சாய்ந்துகொண்டு நிற்கின்றன. ஜன்னல்களில் ஜோடி ஜோடியாகப் பீங்கான் நாய்கள். கணவன் கடலுக்குப் போயிருந்தால் நாயைத் தெருப்பக்கம் திருப்பி வைப்பார்களாம், திரும்பி வந்துவிட்டால் வீட்டுக்குள் பார்க்குமாம். மாலுமிகள் ஊரில் இப்படி ஒரு கதை. வீட்டிலிருந்தே வேலை என்று ஆனதிலிருந்து நம் வீட்டு நாய்க்குத் தெருவைப் பார்க்கும் பாக்கியமே கிடைத்திருக்காது என்றாள் மனைவி. நான் கோட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

துணிக்கடையைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. சட்டைகள் தொங்கும் இரும்பு ஸ்டாண்டு ஒன்று தெருவிலேயே நின்றது. கடை வாசலில்கூட இல்லை, நாலு எட்டு தள்ளி. பக்கத்தில் ஒரு கூடை நிறைய காலுறை, காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் கடற்கரையிலிருந்து எடுத்துவந்த ஒரு கல். காவலுக்கு ஆள் இல்லை, கேமரா இல்லை. மனைவிக்கு மனசே ஆறவில்லை. "யாராவது அள்ளிக்கிட்டுப் போனா?" என்று தெருவின் இரண்டு முனைகளையும் பார்த்தாள். ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய தள்ளுவண்டி. எட்டிப் பார்த்தால் உள்ளே குண்டுக் குழந்தை ஒன்று அசந்து தூங்குகிறது. அதற்கும் காவல் இல்லை.

இங்கே இது சகஜம். குழந்தை வெளிக்காற்றில் தூங்கட்டும் என்று வண்டியைத் தெருவில் விட்டுவிட்டு அம்மா உள்ளே காப்பி குடிப்பாள். 1997இல் ஒரு டேனிஷ் தாய் நியூயார்க்கில் இதே மாதிரி உணவகத்துக்கு வெளியே குழந்தையை விட்டுவிட்டுச் சாப்பிடப் போக, போலீஸ் வந்து அவளைக் கைது செய்து, அது உலகச் செய்தியாகிவிட்டது. குழந்தையையே தெருவில் விடுகிற ஊரில் காலுறைக்கா காவல் போடுவார்கள் என்றேன். அரைமனதாக உள்ளே வந்தாள்.

உள்ளே கடைக்காரம்மா. அறுபத்தைந்து வயது இருக்கும். மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் பாதி பின்னிய காலுறை. "ஹாய்" என்றார். அவ்வளவுதான். திரும்பப் பின்னலுக்குப் போய்விட்டார். வாங்க, உட்காருங்க, என்ன ரேஞ்சில் பார்க்கிறீங்க என்ற விசாரிப்பெல்லாம் கிடையாது. நாமாகப் பார்த்து, நாமாக எடுத்து, நாமாகத் திரும்ப மாட்ட வேண்டும். ஐம்பது புடவை பிரித்துப் போடச் சொல்லிவிட்டு "வேற டிசைன் இல்லையா" என்று கேட்டே வளர்ந்த என் மனைவிக்கு இது கடையாகவே படவில்லை. "நம்மளைப் பிடிக்கலையோ?" என்று காதில் கிசுகிசுத்தாள். பிடித்திருக்கிறது, அதனால்தான் தொந்தரவு செய்யவில்லை. இந்த ஊர் மரியாதை அப்படி.

ஆண்கள் பகுதியில் நிறத்துக்குப் பஞ்சமில்லை: கருநீலம், அடர் கருநீலம், கருப்பு, கருப்பை ஒட்டிய சாம்பல். மீனவர் போடும் கனத்த கம்பளி ஸ்வெட்டர், மாலுமிக் கோடு போட்ட பனியன், மழைக்கோட்டு. இருப்பதிலேயே சின்ன கோட்டாக ஒன்றை எடுத்து மாட்டினேன். என் கைகள் இரண்டும் காணாமல் போயின. கீழ் விளிம்பு முழங்காலைத் தொட்டது. இந்த நாட்டில் ஆறடி ஆண் என்றால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், நான் 163 சென்டிமீட்டர். விலைச்சீட்டில் 1,199.95 குரோனர் என்று போட்டிருந்தது. நம் பாட்டா விலையேதான். இத்தனைக்கும் இங்கே 25 ஓரே (ஓரே என்பது இந்த ஊர்ப் பைசா) நாணயத்தை 2008லேயே ஒழித்துவிட்டார்கள். இப்போது இருப்பதிலேயே சின்ன நாணயம் 50 ஓரே. ரொக்கமாகக் கொடுத்தால் 1,200 என்று முழுசாக்கி வாங்கிக்கொள்வார்கள். அந்த ஐந்து ஓரே சலுகையை மனிதன் எந்த ஜென்மத்தில் அனுபவிப்பது?

மனைவி மனதுக்குள் ரூபாய்க்கு மாற்றிவிட்டாள். முகத்தில் தெரிந்தது. "கேளுங்க" என்றாள். "நீயே கேள்" என்றேன். அவளும் விடுகிற ஆள் இல்லை. நேராகப் போய், "இதுதான் கடைசி விலையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டாள். கடைக்காரம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சீட்டை அக்கறையாகப் படித்துப் பார்த்தார். "ஆமாம், 25 சதவீத வரியும் இதிலேயே சேர்த்தி" என்றார். பேரம் என்ற ஒன்று நடந்ததே அவருக்குத் தெரியாது.

அப்போதுதான் அவர் என்னை முதல்தடவையாக நிமிர்ந்து பார்த்தார். தலையிலிருந்து கால்வரை ஒரே பார்வை. ஒன்றும் சொல்லாமல் பின்னலை வைத்துவிட்டு, கடையின் பின்பக்கம் போய், மாம்பழ மஞ்சளில் ஒரு மழைக்கோட்டோடு வந்தார். மாட்டிப் பார்த்தேன். தோள் கச்சிதம். கை மணிக்கட்டில் வந்து நின்றது. எனக்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. கண்ணாடியில் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டிருக்கும்போது மனைவி சீட்டைத் திருப்பினாள். 164 என்று போட்டிருந்தது.

இங்கெல்லாம் குழந்தைகள் உடுப்புக்கு நம்பர் என்பது பிள்ளையின் உயரம், சென்டிமீட்டரில். 104, 116, 128 என்று ஏறிக்கொண்டே போகும். 164 என்றால் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைக்கு. விலை 499.95. மனைவியின் முகத்தில் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்காத ஒரு மலர்ச்சி.

சும்மா சொல்லக்கூடாது, கோட்டில் வசதிகள் அதிகம். முதுகிலும் கையிலும் இருட்டில் மின்னும் பட்டை. தலைமூடியைப் பிரஸ் பட்டனில் மாட்டியிருந்தார்கள், எங்கேயாவது சிக்கி இழுத்தால் பட்டென்று கழன்றுகொள்ளும், கழுத்தை இறுக்காது. விளையாட்டுத் திடலில் கயிறு மாட்டிக்கொண்ட பிள்ளைகள் கதையெல்லாம் நடந்த பிறகு ஐரோப்பாவில் பிள்ளைகள் உடுப்பில் வைக்கும் கயிறுகளுக்கென்று விதியே போட்டிருக்கிறார்கள். உள்பக்கம் ஒரு வெள்ளைத் துணி தைத்திருந்தது: பெயர், வகுப்பு, தொலைபேசி எண். "பேனா இருக்கா? என் நம்பரைப் போட்டு வைக்கிறேன். திருவிழாவுல தொலைஞ்சுட்டீங்கன்னா கூப்பிடுவாங்க" என்றாள்.

நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோது கதவு மணி அடித்தது. ஒரு ஜோடி. அந்தப் பெண் வெள்ளைக் கவுன், அதன்மேல் கம்பளிச் சால்வை, கையில் பூச்செண்டு. மாப்பிள்ளை தென்னை மரம்தான், நிலைக்குக் குனிந்து உள்ளே வந்தான். ஏரோவில் இது தினசரிக் காட்சி. சுமார் 6,000 பேர் வாழும் தீவில் வருடத்துக்கு ஆயிரக்கணக்கான வெளிநாட்டு ஜோடிகள் வந்து பதிவுத் திருமணம் செய்துகொள்கின்றன. வேறு வேறு நாட்டுக்காரர்கள் கல்யாணம் செய்ய மற்ற தேசங்களில் கேட்கிற காகிதக் கட்டு இங்கே இல்லை. 2019இலிருந்து சரிபார்ப்பைக் கொஞ்சம் கறாராக்கினார்கள், கூட்டம் குறைந்தபாடில்லை. இவன் ஜெர்மன்காரன், அவள் பிரேசில். இருபது நிமிடத்தில் கல்யாணம். டை காரில் இருக்கிறது, கார் ஸ்வென்போர்கில் இருக்கிறது.

கடையில் மூன்றே டை. இரண்டு கருநீலம், ஒன்று கருப்பு. கருப்பு சாவு வீட்டுக்கு என்று கடைக்காரம்மாவே ஒதுக்கிவிட்டார். கருநீலத்தை எடுத்துக் கொடுத்தால், அவனுக்குக் கட்டத் தெரியவில்லை. எப்போதும் அப்பா கட்டிக் கொடுப்பாராம். கடைக்காரம்மாவும் கையை விரித்தார்.

"இவர் கட்டுவார்" என்றாள் மனைவி.

கட்டுவேன்தான். கல்லூரியில் இன்டர்வியூ சீசனில் விடுதி முழுக்க என் அறை வாசலில் வரிசையில் நிற்கும். என் கழுத்தில் கட்டி, தளர்த்தி, கழற்றிக் கொடுத்துவிடுவது வழக்கம். அப்படியே செய்தேன். எனக்குப் பெல்ட்டைத் தொட்ட டை அவனுக்குச் சட்டையின் மூன்றாம் பட்டனோடு நின்றுவிட்டது. அவிழ்த்தேன். பெரிய முடிச்சு நீளத்தைத் தின்றுவிடும், சின்ன முடிச்சுதான் சரி, அதையும் அவன் கழுத்திலேயே போட வேண்டும். எட்டவில்லை. கடைக்காரம்மா ஓடிப்போய், பிள்ளைகள் பூட்ஸ் போட்டுப் பார்க்கிற மர ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். மஞ்சள் மழைக்கோட்டோடு அதன்மேல் ஏறி நின்று, அகலமான பக்கத்தை ஒரு சுற்று சுற்றி, மேலே எடுத்து, உள்ளே விட்டு இழுத்தேன். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உத்தரத்தைப் பார்த்தான். மணப்பெண் படமாக எடுத்துத் தள்ளினாள். அந்த ஆல்பத்தைப் பார்க்கும் பிரேசில் சொந்தக்காரர்கள் என்னைத் துணைமாப்பிள்ளை என்று எடுத்துக்கொள்வார்கள். துணைமாப்பிள்ளைக்குப் பொருத்தமான வயதுதான், 164.

மாப்பிள்ளை போனிலேயே பணம் அனுப்பப் பார்த்தான், வெளிநாட்டு வங்கிக் கணக்கு என்பதால் முடியவில்லை, கார்டைத் தேய்த்தான். கடைக்காரம்மா பழக்கதோஷத்தில் "பரிசா?" என்று கேட்டார். டை அவன் கழுத்தில் இருந்தது. இந்த ஊரில் எதை வாங்கினாலும் இந்தக் கேள்வி உண்டு. ஆமாம் என்றால் போதும், காசு வாங்காமல் தாள் சுற்றி, ரிப்பனைக் கத்தரிக்கோல் விளிம்பில் ஒரே இழுப்பாக இழுத்துச் சுருள் சுருளாக விட்டுத் தருவார்கள். மனைவி வாங்கிய இரண்டு ஜோடி காலுறைக்கு அப்படித்தான் தனித்தனியாகச் சுருள் வைத்து வாங்கிக்கொண்டாள், இரண்டும் அவளுக்கே என்றாலும்.

காலி டைப் பெட்டியின்மேல் கடைக்காரம்மா ஒரு சின்ன ஸ்டிக்கரை ஒட்டி, மறக்காமல் விளக்கமும் சொன்னார்: பிடிக்கவில்லை என்றால் 14 நாளுக்குள் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளலாம், சட்டப்படி கட்டாயமில்லை, ஆனாலும் எங்கள் கடையில் தருகிறோம். மணப்பெண் நன்றி சொல்லிப் பெட்டியைப் பத்திரமாகப் பையில் வைத்தாள்.

"டைக்கு மட்டும்தானா, மாப்பிள்ளைக்கும் சேர்த்தா? கேட்டு வச்சுக்கச் சொல்லுங்க" என்றாள் மனைவி தமிழில்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. என்ன சொல்கிறாள் என்று ஆவலாகக் கேட்டாள் அந்தப் பெண். பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழச் சொல்லி வாழ்த்துகிறாள் என்றேன்.