பணம் கேட்கவில்லை, பேப்பர் கேட்டார்கள்

திருவல்லிக்கேணியில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. பெயர்தான் ஜெராக்ஸ், நடப்பதில் பாதி ஆன்லைன் அப்ளிகேஷன். பாஸ்போர்ட், பான் கார்டு, டி.என்.பி.எஸ்.சி., காலேஜ் அட்மிஷன் என்று நாள் முழுக்க அடுத்தவர் பெயரை டைப் அடிப்பதுதான் பிழைப்பு. அதனால், அக்கா மகள் அமெரிக்க அரசின் செலவில் ஒரு வருஷம் அங்கே பள்ளியில் படிக்க விண்ணப்பிக்கிறாள் என்றதும், தாய்மாமன் சீர் எனக்கு ஃபைல் வடிவத்தில் வந்து சேர்ந்தது. இது 2017-18இல் நடந்த கதை. இப்போதும் யாராவது பெற்றோர் கடைக்கு வந்து, "அரசாங்கமே கூட்டிட்டுப் போகுதாமே, எவ்ளோ கட்டணும்?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்ல முடியவில்லை.

திட்டத்தின் பெயர் கென்னடி-லூகர் யூத் எக்ஸ்சேஞ்ச் அண்ட் ஸ்டடி. சுருக்கமாக 'யெஸ்'. நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பிறகு, 2002 அக்டோபரில் தொடங்கியது. பெயரில் இருக்கும் எட்வர்ட் கென்னடி, ரிச்சர்ட் லூகர் இருவரும் அப்போதைய அமெரிக்க செனட்டர்கள். முஸ்லிம்கள் கணிசமாக வாழும் நாடுகளிலிருந்து பள்ளிப் பிள்ளைகளை ஒரு கல்வியாண்டுக்கு வரவழைத்து, ஓர் அமெரிக்கக் குடும்பத்தோடு தங்கவைத்து, அந்த ஊர்ப் பள்ளியிலேயே சேர்ப்பார்கள். இந்தியாவும் அப்போது அந்தப் பட்டியலில் இருந்தது. நாங்கள் முஸ்லிம் குடும்பம் இல்லை. அது ஒரு தடையாகவும் இல்லை. அமெரிக்கப் பிள்ளைகளை இந்த நாடுகளில் சிலவற்றுக்கு அனுப்பும் 'யெஸ் அப்ராட்' என்ற மறுபக்கமும் இருந்தது. அமெரிக்க வெளியுறவுத் துறை பணம் தருகிறது. இங்கே தேர்வு நடத்தியது ஏ.எஃப்.எஸ். முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் ஓட்டிய தொண்டர்களிடமிருந்து வந்த அமைப்பு அது. 1947இலிருந்து மாணவர் பரிமாற்றம் நடத்துகிறது. இந்த ஆம்புலன்ஸ் கதையைச் சொன்ன பிறகுதான் அக்காவுக்கு அவர்கள்மேல் கொஞ்சம் நம்பிக்கையே வந்தது.

பாப்பா அப்போது பத்தாம் வகுப்பு. (வீட்டில் எல்லோருக்கும் பாப்பாதான், இப்போதும்.) பப்ளிக் எக்ஸாம் வருஷத்தில்தான் இதற்கான கட்டுரை, ஆங்கிலத் தேர்வு, குழு நடவடிக்கை, நேர்காணல் எல்லாம் வந்தன. அக்கா வீட்டுக்காரர், எங்கள் அத்தான், "ட்யூஷன் ஒரு பக்கம், இது ஒரு பக்கமா?" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். நேர்காணலைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. மார்க் ஷீட்டைப் பார்த்து எடுக்கிற ஆட்கள் இல்லை. "நீ தங்கப்போகிற வீட்டில் நாய் உன் கட்டிலில்தான் படுக்கும் என்றால் என்ன செய்வாய்?" என்று கேட்டிருக்கிறார்கள். தெருநாயைப் பார்த்தாலே சைக்கிளைத் திருப்புகிறவள், "முதல் வாரம் தூங்க மாட்டேன். அப்புறம் பழகிடும்" என்றிருக்கிறாள். சமாளிப்பாக எதையாவது அளந்துவிட்டிருந்தால் தேறியிருக்க மாட்டாள் என்பது என் எண்ணம்.

பணத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். தேர்வான பிள்ளைக்கு விமான டிக்கெட், மருத்துவக் காப்பீடு, தங்குமிடம், மாதாமாதம் கைச்செலவு எல்லாம் திட்டத்திலேயே அடக்கம். பாஸ்போர்ட், ஊசி, துணிமணிதான் நம் செலவு. அரசு செலவில் போகிற பரிமாற்ற மாணவர்களுக்கு விசா விண்ணப்பக் கட்டணமும் கிடையாது. டி.எஸ்.2019 என்ற பரிமாற்ற விசாப் படிவத்தில் திட்ட எண் ஜி-1, ஜி-2, ஜி-3, ஜி-7 என்று தொடங்கினால் வெளிநாட்டு மாணவர்களைப் பதிவு செய்கிற செவிஸ் கட்டணமும் இல்லை; ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் போகிற மற்றவர்களில் பெரும்பாலோருக்கு அப்போது அது 180 டாலர், 2019 ஜூனில் 220 ஆனது. இதெல்லாம் தெரியாததால்தான் என் கடைக்கு வந்த ஒரு அப்பா, 'எக்ஸ்சேஞ்ச் சீட்' வாங்கித் தருவதாகச் சொன்ன ஒரு கன்சல்டன்சிக்கு முன்பணம் கொடுத்துவிட்டு ரசீதை ஜெராக்ஸ் எடுக்க வந்து நின்றார். அரசு பணம் போடுகிற திட்டத்தில் உங்களிடம் லட்சத்தில் பேசினால், அது இந்தத் திட்டம் இல்லை. இவர்கள் கேட்பது பேப்பர் மட்டும்தான். ஆனால் அதைக் கேட்கிற கேட்பு இருக்கிறதே!

முதல் சிக்கல் பிறப்புச் சான்றிதழ். மாநகராட்சி கொடுத்ததுதான், முத்திரை எல்லாம் சரி. அப்பா பெயர் இருக்கிறது, அம்மா பெயர் இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது. குழந்தையின் பெயர் என்ற கட்டம் காலி. பிறந்தவுடன் பதிவு செய்தபோது பெயர் வைத்திருக்கவில்லை, அப்புறம் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. நம் ஊரில் பாதி வீட்டில் இந்தக் கதைதான். பெயர் சேர்க்கப் பதிவு தேதியிலிருந்து 15 வருஷம்தான் அவகாசம். பாப்பாவுக்கு அது முடிய ஒரு மாதம்கூட இல்லை. அத்தானை லீவு போடச் சொல்லி மண்டல அலுவலகத்துக்கு அனுப்பினேன். பள்ளிக்கூடத்தில் என்ன எழுத்தில் இருக்கிறதோ அதே எழுத்தில் எழுதச் சொல்லி, ஒரு சீட்டில் கொட்டை எழுத்தில் எழுதி அவர் சட்டைப் பையில் வைத்துவிட்டேன்.

அடுத்தது இனிஷியல். ஆதாரில் இனிஷியல் இல்லை, ஸ்கூலில் பெயருக்குப் பின்னால் இனிஷியல், ரேஷன் கார்டில் முன்னால். பாஸ்போர்ட்டில் இனிஷியலுக்கு இடமே இல்லை, விரித்து எழுத வேண்டும். அத்தான், "குடும்பப் பேருன்னு நமக்கு எதுவும் கிடையாதே, அந்தக் கட்டத்தை சும்மா விட்டுடு" என்றார். சும்மா விடலாம், பாஸ்போர்ட் வந்துவிடும். ஆனால் அமெரிக்க விசாவில் சர்நேம் காலியாக இருந்தால், நம் பெயரைத் தூக்கி சர்நேம் கட்டத்தில் போட்டுவிட்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. என்று அடித்துவிடுவார்கள். முதல் பெயர் தெரியாது என்று அர்த்தம். அப்புறம் அங்கே பள்ளிக்கூட அட்டெண்டன்ஸிலிருந்து லைப்ரரி கார்டு வரை பிள்ளை 'ஃப்னு'தான். என் கஸ்டமர் ஒருவர் மகனுக்கு அங்கே அதுவே கூப்பிடும் பெயராகிவிட்டது. அதனால் அப்பா பெயரை சர்நேமில் போட்டோம். பின்னால் 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகமும் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் விசிட் விசா கிடையாது என்று சொன்னபோது, கடையில் சர்நேம் சேர்க்க வந்த கூட்டத்தைப் பார்க்க வேண்டுமே.

பாஸ்போர்ட்டில் இன்னொரு நுணுக்கம். மைனருக்கு 5 வருஷம் அல்லது 18 வயது, எது முன்னால் வருகிறதோ அதுவரைதான் செல்லுபடி. ஆனால் 15 முடிந்து 18 ஆகாதவர்கள் 10 வருஷத்துக்கே கேட்கலாம். கட்டணம் 1000க்குப் பதில் 1500. கேட்டுவிடுங்கள். அமிஞ்சிக்கரை பாஸ்போர்ட் சேவா மையத்தில் ஏ, பி, சி கவுண்டர் முடிந்து வெளியே வந்தபோது, இரண்டு பெற்றோரும் கையெழுத்துப் போட்ட அனெக்சர் டி என்ற உறுதிமொழியைத்தான் அதிக நேரம் பார்த்தார்கள் என்று அக்கா சொன்னாள். அம்மா அப்பா இருவருக்குமே பாஸ்போர்ட் இல்லாததால் போலீஸ் வெரிஃபிகேஷன் வந்தது, போயிற்று.

உண்மையில் எங்களை அலையவிட்டது மருத்துவப் படிவம். அமெரிக்கப் பள்ளியில் தடுப்பூசிக் கணக்கு இல்லாமல் வகுப்பில் உட்கார விட மாட்டார்கள். பாப்பாவின் தடுப்பூசி அட்டை மடித்து மடித்து நான்கு துண்டாகியிருந்தது. அதை ஒட்டி, ஸ்கேன் செய்து, மங்கிப்போன தேதிகளை கான்ட்ராஸ்ட் ஏற்றிப் படித்தேன். 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுக்கப் பள்ளிகளில் போட்டார்களே எம்.ஆர். ஊசி, அது போட்டிருந்தது. ஆனால் அதில் தட்டம்மை, ரூபெல்லா மட்டும்தான். அவர்கள் கேட்பது எம்.எம்.ஆர்., அதாவது பொன்னுக்குவீங்கியும் சேர்த்து. சின்னம்மைக்கும் ஊசி வேண்டும். நம் அரசு அட்டவணையில் அது கிடையாது. "அம்மை வந்தா வேப்பிலைதானே, ஊசி எதுக்கு?" என்று எங்கள் அம்மா ஒரு பக்கம். தனியார் கிளினிக்கில் காசு கொடுத்துத்தான் போட்டோம். ஒரு டோஸுக்கும் அடுத்ததற்கும் வாரக்கணக்கில் இடைவெளி வேண்டும் என்பதால், தேர்வாகும்வரை காத்திருக்காமல் முன்பே தொடங்குவது நல்லது.

அப்புறம் காசநோய்க்கு மாண்டூ டெஸ்ட். முன்கையில் கொப்புளம் மாதிரி ஒரு ஊசி, 48லிருந்து 72 மணி நேரத்துக்குள் திரும்பப் போய்க் காட்ட வேண்டும். டாக்டர் விரலால் தடவிப் பார்த்து, பேனாவால் இரண்டு பக்கமும் கோடு போட்டு, ஸ்கேல் வைத்து அளந்தார். 12 மில்லிமீட்டர். 10ஐத் தொட்டாலே பாசிட்டிவ் என்று எழுதுவார்கள். அக்கா அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டாள். டாக்டர் சிரித்துக்கொண்டே, "பொறந்தப்ப காசநோய்க்கு பி.சி.ஜி. ஊசி போட்டிருக்கோம்ல, அதனாலயும் வீங்கும்மா. எக்ஸ்ரே எடுத்துடலாம்" என்றார். நெஞ்சு எக்ஸ்ரே சுத்தம். அந்த ரிப்போர்ட்டோடு ஒரு கடிதமும் டாக்டரிடம் கேட்டு வாங்கி இணைத்தோம். மாண்டூவுக்குப் பதில் ஐ.ஜி.ஆர்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையும் உண்டு, பி.சி.ஜி. அதைக் குழப்பாது, ஆனால் விலை கூடுதல்.

தங்கவைக்கும் குடும்பத்துக்குப் பெற்றோர் ஒரு கடிதம் எழுத வேண்டும் என்பதும் விண்ணப்பத்தில் ஒரு பகுதி. கடையை மூடிவிட்டு அக்காவை கம்ப்யூட்டர் பக்கத்தில் உட்காரவைத்தேன். அவள் தமிழில் சொல்ல, நான் ஆங்கிலத்தில் அடித்தேன். முதலில், "எங்கள் மகள் மிகவும் நல்லவள்" என்று அரசு மனு மாதிரி தொடங்கினாள். நிறுத்தி, "அக்கா, காலைல அவளை எழுப்பறது எப்படின்னு சொல்லு" என்றேன். அதன்பிறகு நிற்கவே இல்லை. லைட்டைப் போட்டால் எழுந்திருக்க மாட்டாள், ஃபேனை நிறுத்தினால்தான் எழுந்திருப்பாள் என்பது வரை வந்துவிட்டது. அத்தானுக்கு வேறு கவலை. "முன்னே பின்னே தெரியாத ஒரு ஆளு நம்ம பொண்ணை எதுக்குச் சும்மா வெச்சுச் சோறு போடணும்? காசு வாங்குவான்ல?" வாங்க மாட்டார்கள். பள்ளி மாணவர்களை வைத்துக்கொள்ளும் குடும்பத்துக்குப் பணம் தரக்கூடாது என்பது அவர்கள் விதி. வீட்டில் உள்ள 18 வயது தாண்டிய ஒவ்வொருவர் மேலும் குற்றப் பின்னணி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். உள்ளூர் ஒருங்கிணைப்பாளர் மாதாமாதம் பிள்ளையிடம் பேசியாக வேண்டும். இதை அவருக்கு விதியின் பிரிண்ட்அவுட்டோடு காட்டினேன். படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார், பதில் சொல்லவில்லை.

விசா நேர்காணல் ஜெமினி மேம்பாலம் பக்கத்திலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில். போட்டோ 2க்கு 2 அங்குலம், வெள்ளைப் பின்னணி, கண்ணாடி கூடாது (2016 நவம்பரிலிருந்து). செல்போன் உள்ளே விடமாட்டார்கள், அதனால் எல்லோருடைய போனையும் நான் வாங்கிக்கொண்டு செம்மொழிப் பூங்கா பக்கம் நின்றேன். உள்ளே ரொம்ப நேரம் ஆகவில்லை. திரும்பி வந்து என்ன படிப்பாய் என்பதைத்தான் அழுத்திக் கேட்டார்களாம்.

விசா ஒட்டி வந்த பாஸ்போர்ட்டில் சின்ன எழுத்தில் 212(ஈ) என்று ஒரு குறிப்பு இருக்கும். அதைப் பலர் படிப்பதே இல்லை. அரசுப் பணத்தில் போனவர்கள் திரும்பி வந்து, மொத்தம் 2 வருஷம் சொந்த நாட்டில் இருந்த பிறகுதான் எச்-1பி வேலை விசாவோ கிரீன் கார்டோ கேட்க முடியும். மேல்படிப்புக்கு மாணவர் விசாவில் போக அது தடையில்லை. "அப்படியே அங்கயே செட்டிலாகிடலாம்" என்று கணக்குப் போடுகிற வீடுகளுக்கு இந்தத் திட்டம் ஒத்துவராது. அத்தானுக்கு இந்த ஒரு விதிதான் முழு நிம்மதி கொடுத்தது.

அயோவா மாநிலத்தில் ஒரு சின்ன ஊர் என்று குடும்பத்தின் விவரம் கடைசி நேரத்தில்தான் வந்தது. பனிக்கோட்டை இங்கே தேடாதீர்கள், அங்கே பழையதே கிடைக்கும். ஆகஸ்டில் கிளம்பினாள். அந்த வருஷத்தைப் பற்றி அவளே எழுதட்டும். நாய் இருந்தது, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

யாருமே முன்கூட்டிச் சொல்லாத விஷயம் இங்கத்திய பள்ளிக்கூடம். ப்ளஸ் ஒன் சேர்ந்த இரண்டாவது மாதத்தில் கிளம்பினாள். 2017-18இல்தான் ப்ளஸ் ஒன்னுக்கும் பப்ளிக் எக்ஸாம் வந்திருந்தது, அதனால் நேராக ப்ளஸ் டூவில் உட்கார வழியில்லை. ஒரு வருஷம் லீவு தர முடியாது, டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள், திரும்பி வந்தால் சீட் உண்டா என்று இப்போது சொல்ல முடியாது என்று அந்தத் தனியார் பள்ளி கைவிரித்தது. அமெரிக்க அரசின் முத்திரை வைத்த கடிதத்தைக் காட்டினோம். மேனேஜ்மெண்ட் கேட்கணும் என்றார்கள். வாங்கினோம் டி.சி.யை.

2019 ஜூனில் திரும்பியதும் வேறு பள்ளி, மறுபடி ப்ளஸ் ஒன். அட்மிஷன் கவுண்டரில் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், டி.சி., ஆதார் மூன்றையும் வாங்கிக்கொண்டார்கள். அயோவா பள்ளியின் டிரான்ஸ்கிரிப்டை, கெட்டியான தாளில் சீல் வைத்தது, பெருமையாக நீட்டினேன். அந்த அம்மா முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எங்களுக்கு வேணாம் சார், நீங்களே வெச்சுக்கங்க. இன்கம் சர்டிபிகேட் எங்க?" என்றார்.