வடக்கு எல்லைக்கு ஒரு சாட்சி

இலங்கையில் உள்ள சொந்த ஊருக்குத் திரும்ப என்னென்ன பேப்பர் வேண்டும் என்று மதுரை ஆனையூர் அகதிகள் முகாமில் நாலைந்து வீட்டார் என்னிடம் கேட்டுவிட்டார்கள். அப்பா அம்மாவை அனுப்பிவைத்த கதையை எழுதிவிட்டால் எல்லோருக்கும் உதவும்.

அவர்கள் 1990 ஆகஸ்டில் மன்னார் விடத்தல்தீவிலிருந்து படகில் ராமேஸ்வரம் வந்தவர்கள். மண்டபத்தில் கொஞ்ச நாள், அப்புறம் மதுரை. நான் 1993-ல் இங்கே பிறந்தேன். 1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்தியாவில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடியுரிமை உண்டு. எனக்கு இல்லை. இலங்கைச் சட்டமோ, வெளிநாட்டில் பிறந்த பிள்ளையைத் தூதரகத்தில் பதிந்தால்தான் தன் குடிமகளாக ஏற்கும். ஆக, 24 வயது வரை நான் எந்த நாட்டுக் கணக்கிலும் இல்லை.

போர் 2009 மே மாதம் முடிந்தது. அப்பா உடனே கிளம்பவில்லை. கண்ணிவெடி பயம், கையில் பணம் இல்லை, எங்கள் படிப்பு. 1990-ல் நின்றுபோன தலைமன்னார் ரயில் 2015 மார்ச்சில் மறுபடி ஓடிய செய்தியைப் படித்துவிட்டுத்தான், “இனிக் காணியைப் போய்ப் பாக்கவேணும், பிள்ளை” என்றார். காணி என்றால் எங்கள் நிலம்.

2017 ஜனவரியில் வேலையைத் தொடங்கினேன். முதலில் அப்பா அம்மாவின் பிறப்புச் சான்றும் திருமணச் சான்றும். ஓடி வரும்போது எதையும் எடுத்து வரவில்லை. மன்னாரில் இருக்கும் சித்தப்பா பிரதேச செயலகத்துக்கு நடையாய் நடந்து பிரதி எடுத்துத் தபாலில் அனுப்பினார். அதற்கே ஐந்து மாதம். அதன்பிறகு சென்னையில் இருக்கும் இலங்கைத் துணைத் தூதரகத்தில் என்னையும் தம்பியையும் குடிமக்களாகப் பதிய மனு. அங்கேதான் சிக்கல். மதுரையில் வாங்கிய என் பிறப்புச் சான்றில் அப்பா பெயரில் ஓர் எழுத்து குறைந்திருந்தது. முகாம் அட்டையில் அதே பெயர் வேறு மாதிரி. திருத்தக் கொடுத்த அலுவலகத்தில் மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். பெயின்ட் வேலைக்குப் போனால்தான் அப்பாவுக்கு அன்றைய கூலி. மூன்று நாள் கூலி அந்த ஓர் எழுத்துக்காகப் போனது. இதைப் படிப்பவர்கள் மனு போடும் முன்னால் எல்லாத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரை எழுத்துக் கூட்டிப் பாருங்கள். ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்துக்காரர்கள் சொல்லிக்கொடுத்துத்தான் இதைக்கூடக் கற்றேன்.

மிச்சம் பரவாயில்லை. ஐ.நா. அகதிகள் அலுவலகத்தில் விருப்ப மனு, நேர்காணல், தமிழ்நாடு போலீஸின் உளவுப் பிரிவான கியூ பிராஞ்ச் விசாரணை, வெளியேறும் அனுமதி, முகாம் அட்டையை ஒப்படைப்பது. விமானச் சீட்டை ஐ.நா.வே கொடுத்தது. 2018 அக்டோபரில் திருச்சியில் ஏற்றிவிட்டோம். எடைக் கணக்கு இடிக்கவே, அம்மா தையல் மெஷினின் தலையை மட்டும் கழற்றிச் சேலையில் சுற்றி எடுத்துப் போனார்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். காணி விஷயம் அப்புறம்தான் வந்தது.

எங்கள் வயலில் வேறொரு குடும்பம் விதைத்துக்கொண்டிருந்தது. முள்ளிவாய்க்கால் வரை ஓடி, ஒரு மகனைப் பறிகொடுத்துத் திரும்பியவர்கள். காடு மண்டிக் கிடந்ததை வெட்டித் திருத்தியதும் அவர்கள்தான். பத்து வருடம் ஒரு நிலத்தை அனுபவித்து வந்தவருக்கே அது சொந்தம் என்ற பழைய சட்டம், போரால் இடம்பெயர்ந்தவர்களுக்கு எதிராகப் பாயாதபடி 2016-ல் இலங்கையில் தனிச் சட்டம் போட்டிருந்தார்கள். வழக்குப் போடலாம் என்றார்கள். அப்பா மறுத்துவிட்டார். ஆனால் பேசித் தீர்க்கக்கூட முதலில் எல்லை தெரிய வேண்டுமே! உறுதி, அதாவது நிலப் பத்திரம், தொலைந்துபோயிருந்தது. அளந்து காட்டக்கூடிய பெரியவர்கள் யாரும் உயிரோடு இல்லை.

ஒருவர் இருந்தார். வடக்கு எல்லையில் வயல் வைத்திருந்த முஸ்லிம் பெரியவர். 1990 அக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேற்றியபோது, புத்தளம் போய் இருபது வருடத்துக்கு மேல் அங்கேயே கிடந்தவர். ஏறத்தாழ 75 ஆயிரம் பேர் அப்படி விரட்டப்பட்டார்கள். அவர்தான் கிராம சேவகர் முன்னால் நின்று, “இந்தப் பனை என்ர வாப்பாவும் இவர்ட ஐயாவும் சேர்ந்து நட்டது” என்று காட்டிக்கொடுத்தார்.

அன்று இரவு அப்பா போனில் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: “அவையள அனுப்பேக்க நான் அங்க இல்ல, பிள்ளை. இருந்திருந்தாலும் வாய் திறந்திருப்பனோ தெரியாது. இண்டைக்கு அவரிட்ட அதைச் சொல்லிப்போட்டன்.” எங்கள் இழப்பைக் கேட்டுக் கேட்டே நான் வளர்ந்தேன். அவர்களுடையதை அந்த முகாமில் ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. 25 வயதில், போன் வழியாகத்தான் தெரிந்துகொண்டேன். அது எனக்கு இன்னும் வலிக்கிறது.

அந்தப் பெரியவர் நடுவில் உட்கார்ந்துதான் வயலைப் பங்கு பிரித்தார்கள். அந்தக் குடும்பம் விதைத்த பாதி அவர்களுக்கே. கிணற்றோடு சேர்ந்த பாதி அப்பாவுக்கு.

அதனால் இப்போது பேப்பர் பற்றிக் கேட்டு வருகிறவர்களிடம் பட்டியலைச் சொல்லிவிட்டு நானும் ஒன்று கேட்கிறேன்: உங்கள் காணிக்குப் பக்கத்துக் காணிக்காரர் யார், அவர் இப்போது எங்கே இருக்கிறார்?