மூன்றாவது முறையில் நின்ற 14 சென்டிமீட்டர் பனி

நான் செய்துகொண்டிருக்கும் டயோராமாவில், அதாவது ஒரு காட்சியைச் சிறிய அளவில் செய்து காட்டும் மாதிரியில், பனிச்சுவர் நின்றுவிட்டது. மூன்று வாரமாகியும் மஞ்சளாகவில்லை, ஒரு விரிசல்கூட இல்லை. அந்தச் சந்தோஷத்தில் மற்ற வேலையை அப்படியே போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கையில் இருப்பது மர்ஃபி குடும்பத்தின் மரக்குடில், 1:48 அளவு, அதாவது நிஜத்தில் 48-ல் ஒரு பங்கு. 1846-47 குளிர்காலத்தில் கலிபோர்னியாவின் சியெரா நெவாடா மலையில் பனியில் சிக்கிய, குடியேறப் போன டோனர் குழுவினர், ஒரு பெரிய பாறையையே ஒரு பக்கச் சுவராக்கிக் கட்டிய குடில் அது. ஆனால் நான் இதைத் தொடங்கியதே அந்தக் குழுவில் இல்லாத ஒருவருக்காக. அந்த இடத்துக்குப் பக்கத்திலுள்ள ட்ரக்கி ஊரில் பத்திரிகை ஆசிரியராக இருந்த சி.எஃப். மெக்லாஷன். குழுவின் கடைசி ஆளை மீட்புக்காரர்கள் மலையிலிருந்து இறக்கியது 1847 ஏப்ரலில். மெக்லாஷன் பிறந்தது அதே வருஷம் ஆகஸ்டில். நடந்து முப்பது வருஷத்துக்குமேல் ஆன பிறகு, உயிரோடிருந்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிப்பிடித்து, நூற்றுக்கணக்கான கடிதங்கள் எழுதி, 1879-ல் அந்தப் பயணத்தின் வரலாற்றைப் புத்தகமாக்கினார். கடைசியாக மீட்கப்பட்ட, பனியில் நரமாமிசம் தின்றவன் என்று ஊரே ஒதுக்கிவைத்திருந்த கெஸ்பெர்க்கையும் நேரில் போய்ப் பார்த்து, அவர் தரப்பைக் கேட்டு எழுதினார். எனக்கு அவர்மேல் மதிப்பு வந்தது அந்த இடத்தில்தான்.

அதனால் டயோராமாவை இரண்டாகப் பிரித்தேன். இடது பாதி பனியில் புதைந்த குளிர்காலம். வலது பாதி 1879 கோடை, குடில் இருந்த இடத்தில் நோட்டுப் புத்தகத்தோடு நிற்கும் மெக்லாஷன். சிக்கல் இரண்டும் சேரும் இடத்தில் வந்தது. சிக்கியவர்கள் விறகுக்கு மரத்தைப் பனி மட்டத்தில் வெட்டினார்கள். பனி உருகியதும் ஆளைவிட உயரமான அடிமரங்கள் மிஞ்சி நின்றன. இன்று அங்கே இருக்கும் நினைவுச்சின்னத்தின் பீடமும் 22 அடி, அந்தப் பனியின் ஆழத்தைக் காட்டத்தான். 22 அடி என்பது 1:48-ல் 14 செ.மீ. குடிலின் உயரத்தை எட்டு அடி என்று வைத்துக்கொண்டேன், அது 5 செ.மீ.தான் வந்தது. மிச்சம் 9 செ.மீ. பனி தலைக்குமேல்! கணக்குப் போட்டுப் பார்த்தபோது கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டேன்.

இந்த 14 செ.மீ. சுவர் செங்குத்தாக நிற்க வேண்டும், உள்ளே அடுக்கடுக்காகவும் தெரிய வேண்டும். முதலில் சமையல் சோடாவையும் வெள்ளைப் பசையையும் குழைத்து ஏற்றினேன். பத்தே நாளில் மஞ்சள் தட்டியது. அடுத்து முழுக்கப் பிளாஸ்டர். காயும்போது நடுவில் பிளந்து, கூடவே கூரையின் ஒரு மூலையையும் பெயர்த்துவிட்டது. மூன்றாவதாக, நீல ஃபோம் அட்டையை நான்கு துண்டாக வெட்டி அடுக்கி, மேலே பிளாஸ்டரை நகக்கனத்துக்கு மட்டும் இழுத்தேன். அது நன்றாகக் காய்ந்தபின் நுண் கண்ணாடிக் குமிழித் தூளை மேட் அக்ரிலிக் மீடியத்தில் (பளபளப்பில்லாமல் காயும் பசை மாதிரியான திரவம்) கலந்து, ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி வைத்தேன். தேய்த்தால் போச்சு, ஒற்றத்தான் வேண்டும். முகமூடி கட்டாயம், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. பக்கத்துக் குடிலில் இருந்த பாட்ரிக் பிரீன் 1846 நவம்பர் 20 முதல் எழுதிய நாட்குறிப்பில் பனிப்புயல்கள் வரிசையாக வரும். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு புயலுக்கும் ஒரு மெல்லிய சாம்பல் கோடு விட்டேன்.

அடிமரத்துக்குக் கடைச் சாமான் எதுவும் வேண்டாம். வயதான ரோஸ்மேரிச் செடியின் காய்ந்த தண்டு பைன் மரப்பட்டை மாதிரியே செதில் செதிலாக இருக்கும். தூள் வாங்கிய இணையக் கடை இரண்டு முறை தவறான அளவை அனுப்பியது. படகு பழுதுபார்க்கும் சாமான் விற்பவர்களிடம் அதே தூள் பாதி விலைக்குக் கிடைக்கிறது.

கூரைமேல் போட வேண்டிய மாட்டுத்தோல் பாக்கி. பசி முற்றியபோது கூரைத் தோலையே வேகவைத்துத் தின்றார்கள் என்பதால், சில இடத்தில் தோல் இல்லாமல் வெறும் கட்டைகள் தெரியும்படி விடப்போகிறேன். பழைய கையுறைத் தோலைச் சீவி எடுத்து வைத்திருக்கிறேன்.

மெக்லாஷன் உருவத்துக்கும் இன்னும் வண்ணம் அடிக்கவில்லை. 1886-ல் ட்ரக்கியிலிருந்து சீனர்களைத் துரத்த, அவர்களுக்கு வேலையும் கொடுக்காதே, அவர்களோடு வியாபாரமும் செய்யாதே என்ற புறக்கணிப்பை முன்னின்று நடத்தியவரும் இவரே. டோனர் குழு சிக்கிய அந்த மலைக் கணவாயில் ரயில் பாதை போட்டதே சீனத் தொழிலாளர்கள். பனியில் செத்தவர்களுக்காக அவ்வளவு பொறுமையாகக் காது கொடுத்தவர், கண்ணெதிரே இருந்தவர்களைப் பட்டினி போட்டு விரட்டினார். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை. டயோராமாவின் பின்பக்கத் தகட்டில் 1886 என்ற வருஷத்தையும் செதுக்குவது என்று முடிவு செய்துவிட்டேன்.

அடுத்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி. நினைவுச்சின்னத்துக்குப் பணம் திரட்ட, மர்ஃபி குடிலின் மரச்சிராய்களைக் குப்பியில் அடைத்து மெக்லாஷன் விற்றார். அந்தக் குப்பியை நிஜ அளவிலேயே செய்து டயோராமாவுக்கு முன்னால் வைக்க ஆசை. கார்க் வாங்கிவிட்டேன். வாய் குறுகலான, அடி தட்டையான குப்பி எங்கே கிடைக்கும் என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.