கதவைச் சாத்திக்கொண்டு ஆடுவது லீக் ஆகாது

ஸ்பெயினின் கால்பந்து கிளப் ரியல் மாட்ரிட்டின் ரசிகனான என் நண்பன், 2021-ல் அறிவித்த வேகத்திலேயே நின்றுபோன சூப்பர் லீக்கை இன்னும் விடவில்லை. “அது மட்டும் வந்திருந்தா வாரா வாரம் மாட்ரிட்–லிவர்பூல், பார்சிலோனா–யுனைடெட்னு பாத்திருக்கலாம். ரோட்டுல இறங்கிக் கத்தியே கெடுத்துட்டாங்க” என்பான். நான் இங்கிலாந்து கிளப்பான ஆர்சனலின் ரசிகன், ஊர் கோயம்புத்தூர். அவன் பேச்சை நான் ஒப்புக்கொள்ளாததற்கு இரண்டுமே காரணம். அதிலும் ஊர்தான் பெரிய காரணம்.

2021 ஏப்ரல் 18, ஞாயிற்றுக்கிழமை இரவு, ஐரோப்பாவின் 12 பெரிய கிளப்கள் சூப்பர் லீக் என்று தனி லீக் தொடங்குவதாக அறிவித்தன. இங்கிலாந்தில் ஆறு, ஸ்பெயினில் மூன்று, இத்தாலியில் மூன்று. மொத்தம் 20 அணிகள் ஆடும், அதில் 15 அணிகளுக்கு நிரந்தர இடம். மீதி ஐந்து இடத்துக்குத்தான் மற்றவர்கள் ஜெயித்து வர வேண்டும். ஜேபி மார்கன் வங்கியின் பணத்தில், தொடங்கிவைக்கும் கிளப்களுக்கு 350 கோடி யூரோ என்றார்கள். அந்த வாரம் இங்கிலாந்தின் முதல் டிவிஷனான பிரீமியர் லீக்கில் ஆர்சனல் ஒன்பதாவது இடத்தில் இருந்தது. ஐரோப்பாவின் சிறந்த கிளப்கள் மோதும் சாம்பியன்ஸ் லீக் பக்கம் போயே நான்கு வருடம் ஆகியிருந்தது. அப்படிப்பட்ட அணிக்கு ஆயுசுக்கும் ஒரு சீட்! அந்தப் பட்டியலில் என் கிளப்பின் பெயரைப் பார்த்தபோது எனக்குக் கூசியது.

இந்த எண்ணம் ஒரே ராத்திரியில் வந்ததும் இல்லை. அதற்கு ஒரு வருடம் முன்பே இத்தாலியின் யுவென்டஸ் கிளப் தலைவர் ஆண்ட்ரியா அக்னெல்லி வெளிப்படையாகக் கேட்டார்: பெரிய ஐரோப்பிய வரலாறு இல்லாத இத்தாலியக் கிளப் அட்லாண்டா, ஒரே ஒரு நல்ல சீசனை வைத்து நேராக சாம்பியன்ஸ் லீக்குக்குள் வருவது சரிதானா என்று. அந்தச் சீசனிலேயே அட்லாண்டா காலிறுதிவரை போனது. 2024-ல் டப்ளினில் நடந்த யூரோப்பா லீக் (சாம்பியன்ஸ் லீக்குக்கு அடுத்த நிலைப் போட்டி) இறுதிப் போட்டியில், அந்த சீசனில் அதுவரை யாரிடமும் தோற்காமல் வந்த ஜெர்மன் அணி லெவர்குசனை 3-0 என்று வீழ்த்தியது. மூன்று கோலும் அட்லாண்டாவின் லுக்மன் அடித்தது. நிரந்தர இடம் கேட்டவர்கள் பயந்தது இப்படிப்பட்ட அணிகளைப் பார்த்துத்தான்.

அறிவிப்பு வந்த இரண்டாம் நாள் மாலை, பிரைட்டன் அணியோடு மேட்ச் ஆட வேண்டிய செல்சியின் பஸ்ஸை அவர்களுடைய மைதானமான ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் வாசலில் செல்சி ரசிகர்களே மறித்தார்கள். செல்சியின் பழைய கோல்கீப்பர் பீட்டர் செக், அப்போது கிளப் அதிகாரி, தெருவில் இறங்கிவந்து கூட்டத்துக்கு நடுவே நின்று, கொஞ்சம் அவகாசம் கொடுங்கள் என்று கெஞ்சினார். குளிர்கால ராத்திரியில் ஸ்டோக்கில் போய் ஆடுவதே எங்களுக்கு வேண்டும் என்று ஒருவர் அட்டையில் எழுதிப் பிடித்திருந்தார். ஸ்டோக் அப்போது இரண்டாம் டிவிஷன் அணி. ஜெயித்துக் கோப்பைகளைக் குவித்த கிளப்பின் ரசிகர் கேட்டது அதைத்தான். அன்றிரவே ஆறு இங்கிலாந்து கிளப்களும் பின்வாங்கின.

“அவங்க ஸ்டேடியத்துக்குப் போறவங்க, சண்டை போடறாங்க. நாம டிவில பாக்கறவங்க, நமக்கென்னடா?” என்பது நண்பனின் அடுத்த கேள்வி. இதுதான் எனக்குக் கோபம் வரவைப்பது. சூப்பர் லீக்காரர்கள் போட்ட கணக்கே நம்மை நம்பித்தான். இளைஞர்களுக்குக் கால்பந்து மேல் ஆர்வம் குறைகிறது, அதைக் காப்பாற்றத்தான் இதெல்லாம் என்று மாட்ரிட் தலைவர் புளோரன்டினோ பெரெஸ் டிவியில் பேட்டி கொடுத்தார். ராத்திரி பன்னிரண்டரைக்குக் கண்விழித்து உட்காரும் ஆசியக்காரனுக்குப் பெரிய பெயர் மட்டும் போதும் என்று யார் சொன்னது? நான் விழித்திருப்பது, ஆர்சனல் அன்றைக்குத் தோற்கவும் கூடும், தோற்றால் விலை கொடுக்க வேண்டும் என்பதால்தான்.

அப்புறம் ஐபிஎல்லுக்கு வருவான். “அதுல எந்த டீம் கீழ போகுது? சிஎஸ்கே ரெண்டு வருஷம் தடையில இருந்துட்டு வந்து 2018-ல கப்பே அடிச்சுது. கூட்டம் கொறஞ்சுதா?” குறையவில்லைதான். ஆனால் ஐபிஎல் 2008-ல் புதிதாக ஏலம் விட்டு உருவாக்கியது. மேலே வர யாரும் காத்திருக்கவில்லை. இங்கிலாந்தில் 1888-லிருந்து லீக் நடக்கிறது. அங்கே ஊர் பேர் தெரியாத கிளப்கூடப் படிப்படியாக ஏறி மேலே வர வழி இருக்கிறது. அதை அடைத்தால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

2019 மார்ச் 9, கோவை நேரு ஸ்டேடியம். சென்னை சிட்டி கால்பந்து அணிக்குப் பெயரில்தான் சென்னை, சொந்த மைதானம் இதுதான். இந்தியக் கிளப்கள் ஆடும் ஐ-லீக்கின் கடைசி நாள், கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலைவிடச் சென்னை சிட்டிக்கு ஒரே ஒரு புள்ளி முன்னிலை. அங்கே கோழிக்கோட்டில் அவர்கள் ஆடிக்கொண்டிருக்க, இங்கே மினர்வா பஞ்சாப் ஆரம்பத்திலேயே கோல் போட்டுவிட்டது. கேலரியில் பாதிப் பேர் போனைப் பார்த்தபடி இருந்தார்கள். “தம்பி, கோழிக்கோட்ல என்னாச்சுங்க?” என்று பின்வரிசைப் பெரியவர் கேட்டுக்கொண்டே இருந்தார். இடைவேளைக்குப் பிறகு எங்கள் பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். தடுப்பாட்டக்காரரான கௌரவ் போரா இரண்டு கோல் போட்டார். 3-1. ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்ததால், ஒரே புள்ளியில் கோப்பை எங்களுடையது. கீழே போலீஸ்காரர்கூடக் கை தட்டினார்.

அடுத்து எங்கே போவது? இந்தியாவின் இன்னொரு பெரிய கால்பந்து லீக்கான ஐஎஸ்எல் அப்போது மூடிய லீக். ஐ-லீக் சாம்பியனுக்கு அங்கே இடமில்லை. அந்த வருடத்து ஐஎஸ்எல் சாம்பியன் பெங்களூரு. இரண்டு லீக் அணிகளும் மோதும் சூப்பர் கப்பில் அவர்களைச் சென்னை சிட்டி 2-1 என்று தோற்கடித்தது. அதற்கும் பலன் இல்லை. சில வருடங்களில் சென்னை சிட்டி ஐ-லீக்கிலேயே இல்லாமல் போனது. அவர்கள் சறுக்கியதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் ஜெயித்தும் மேலே போக முடியாத அணியில் பணம் போட யார் வருவார்கள்? ஐ-லீக் சாம்பியனுக்கு ஐஎஸ்எல்லில் முதல்முறையாக இடம் கிடைத்தது 2023-ல். அப்படி மேலே போனது, பெயர் மாறியிருந்த அதே பஞ்சாப் அணி.

நண்பன் சொல்வதில் ஒன்றை நான் மறுக்க மாட்டேன்: சாம்பியன்ஸ் லீக்கை நடத்தும் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஈஎஃப்ஏவும் யோக்கியம் இல்லை. சூப்பர் லீக் அறிவிப்பின் மறுநாள் அவர்கள் ஒப்புதல் கொடுத்த புதிய சாம்பியன்ஸ் லீக் திட்டத்திலும், பழைய சாதனைக் கணக்கை வைத்துப் பெரிய கிளப்களுக்கு இரண்டு இடம் ஒதுக்கியிருந்தார்கள். எதிர்ப்புக்குப் பிறகு 2022 மே மாதம்தான் அதைக் கைவிட்டார்கள். 2023 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், புதிய போட்டிகளுக்கு முன் அனுமதி கேட்கும் அவர்களுடைய விதிகள் சட்டத்துக்குப் பொருந்தாது என்றும் சொல்லிவிட்டது. அதனால் இந்தப் பேச்சு வேறு பெயரில் மறுபடி வரும். அப்போது என் கிளப் அந்தப் பட்டியலில் இருந்தாலும் நான் எதிர்த்துத்தான் பேசுவேன்.